ஹானிபல் லெக்டரை எந்த வரிசையில் சந்திப்பது?

கேள்வி இதுதான்: மனித மாமிசம் தின்னும் மனநல மருத்துவன், கொலைகாரன் ஹானிபல் லெக்டரின் கதைகளை இதுவரை தொட்டதே இல்லை, நாவல் நான்கு இருக்கிறது, சினிமா ஐந்து, போதாக்குறைக்கு டிவி தொடர் வேறு. கதை நடக்கும் காலவரிசைப்படி அவனுடைய சிறுவயதிலிருந்து தொடங்கினால் எல்லாம் தெளிவாகப் புரியுமா, இல்லை வெளிவந்த வரிசையில் போவதா?

காலவரிசை வேண்டாம். சினிமா மட்டும் போதும் என்றால் 1991-இல் வந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தில் தொடங்குங்கள். படிக்கிற பழக்கம் உண்டென்றால் அதற்கும் முன்னால் தாமஸ் ஹாரிஸ் 1981-இல் எழுதிய ‘ரெட் டிராகன்’ நாவல். சிறுவயதுக் கதையான ‘ஹானிபல் ரைசிங்’ எந்த வழியில் போனாலும் கடைசிதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், காரணம் பிடிபட்டால் வரிசை தானாக மனதில் நிற்கும். பெரிய திருப்பங்கள் எதையும் உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

சில வருடங்களுக்கு முன்னால் என் தம்பி இதே கேள்வியைக் கேட்டான். அப்போது நான் அதிகம் யோசிக்காமல், கதை ஆரம்பிக்கிற இடத்திலிருந்தே பார் என்று சொல்லிவிட்டேன். அவனும் முதலில் ‘ஹானிபல் ரைசிங்’ பார்த்தான். லிதுவேனியாவில் ஒரு பிரபுக் குடும்பத்துப் பையன், இரண்டாம் உலகப் போர், பனி, பசி, தங்கை மிஷாவுக்கு நேர்ந்த கொடுமை, வளர்ந்த பிறகு ஒவ்வொருவனாகத் தேடிப்போய்ப் பழிவாங்குவது என்று போகும் கதை. ஒரு வாரம் கழித்து ‘சைலன்ஸ்’ போட்டுக் காட்டினேன். எஃப்பிஐ பயிற்சி மாணவி கிளாரிஸ் அந்தப் பாதாளச் சிறையின் நடைபாதையில் நடந்து வந்து லெக்டரின் அறைக்கு முன்னால் நிற்கும் காட்சி முடிந்ததும் அவன் சொன்னது: “பாவம்ண்ணா, சின்ன வயசுல எவ்ளோ அனுபவிச்சிருக்கான்.” எனக்கு மனசே விட்டுப்போயிற்று. உலகமே உறைந்துபோய்ப் பார்த்த ஒரு காட்சியில் என் தம்பிக்கு வந்தது பரிதாபம். தப்பு அவனுடையது இல்லை, நான் கொடுத்த வரிசையுடையது.

அந்தக் காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். லெக்டர் திரையில் வருவதற்கு முன்னாலேயே அவனைப் பற்றி எல்லோரும் கிளாரிஸை எச்சரிக்கிறார்கள். உன்னைப் பற்றி எதையும் அவனிடம் சொல்லிவிடாதே என்கிறார் மேலதிகாரி கிராஃபர்ட். அந்த மனநோய்ச் சிறையின் தலைவர் சில்டன், அவன் ஒரு நர்ஸைக் கடித்துக் குதறிய பிறகு எடுத்த புகைப்படத்தை அவளிடம் நீட்டுகிறார். அந்தப் படத்தை நமக்குக் காட்டவே மாட்டார்கள், சிவப்பு வெளிச்சத்தில் அவள் முகத்தை மட்டும்தான் பார்ப்போம். அப்புறம் நீளமான நடை, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு விதமான ஆள். கடைசி அறையில் வெறிபிடித்த மிருகம் ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்து நாமும் கூடவே நடக்கிறோம். அங்கே சுத்தமாகத் தலைவாரி, முதுகு நிமிர்த்தி, அறையின் நடுவில் ஒருவன் அமைதியாக நின்றுகொண்டிருக்கிறான், அவள் வருவது ஏற்கெனவே தெரியும் என்பதுபோல. மரியாதையாகக் காலை வணக்கம் சொல்கிறான். இவன் யார், எங்கிருந்து வந்தான், ஏன் இப்படி ஆனான், ஒன்றுமே நமக்குத் தெரியாது. தெரியாததுதான் அங்கே நம்மைப் பிடித்துக்கொள்கிறது. அவனுக்கு ஒரு சோகமான பால்யம் உண்டு என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு அந்த அறையில் இருப்பவன் ஒரு நோயாளி, அவ்வளவுதான்.

ஹாரிஸுக்கு இந்தப் பாத்திரம் கிடைத்த விதமும் இதேதான். ‘சைலன்ஸ்’ நாவலின் 25-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அதைச் சொல்லியிருக்கிறார். இளம் பத்திரிகையாளராக மெக்சிகோவின் மான்டெரே நகரத்துச் சிறைக்கு வேறொரு கைதியைப் பேட்டி காணப் போயிருக்கிறார். அங்கே நேர்த்தியாக உடுத்திய, அடக்கமாகப் பேசிய ஒரு டாக்டரைச் சந்தித்து, சிறையில் வேலை பார்ப்பவர் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வரும்போதுதான் தெரிகிறது, அந்த டாக்டரும் ஒரு கொலைக் கைதி என்று. முதலில் மனிதர், அதன் பிறகு செய்தி. நாமும் அந்த வரிசையில் சந்திப்பதுதான் நியாயம்.

இப்போது படிக்கிறவர்களுக்கான வழி. ‘ரெட் டிராகன்’ நாவலில் கதை தொடங்கும்போதே லெக்டர் சிறையில் இருக்கிறான், அவனைப் பிடித்த எஃப்பிஐ புலனாய்வாளன் வில் கிரஹாம் வயிற்றில் பெரிய தழும்போடு வேலையை விட்டுவிட்டு ஃபுளோரிடாவில் மனைவியோடு ஒதுங்கி வாழ்கிறான். பௌர்ணமி இரவுகளில் குடும்பம் குடும்பமாகக் கொல்கிற இன்னொருவனைத் தேட கிராஃபர்ட் அவனைத் திரும்பக் கூப்பிடுகிறார். அட்லாண்டாவில் ஒரு குடும்பம், பர்மிங்ஹாமில் ஒரு குடும்பம் முடிந்துவிட்டது, அடுத்த பௌர்ணமிக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். லெக்டருக்கு இதில் பக்கங்கள் ரொம்பக் குறைவு. கிரஹாம் அவனைப் பார்க்கப் போவதே, கொலைகாரனைப் போல யோசிக்கும் தன்னுடைய பழைய மனநிலையை மீட்டுக்கொள்ளத்தான். சில பக்கங்களே நீளும் அந்தச் சந்திப்பில் லெக்டர் பேசுவதைப் படித்துவிட்டு கிரஹாம் ஏன் கட்டிடத்தை விட்டு ஓடாத குறையாக வெளியேறுகிறான் என்பது நமக்குச் சொல்லாமலே புரியும். மீதிக் கதை முழுக்க லெக்டர் பூட்டிய அறைக்குள் இருந்தபடி வெளியே ஒரு குடும்பத்துக்கு ஆபத்தை அனுப்பிவைக்கிறான். இந்த நாவலின் மையம் கொலைகாரன் டாலர்ஹைட்தான். அவனுக்கும், கூட வேலை செய்யும் பார்வையற்ற பெண் ரீபாவுக்கும் இடையில் நடப்பவை இந்த வரிசை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தியிருக்கும் புலியை அவள் தடவிப் பார்க்கும் இடத்தை நிதானமாகப் படியுங்கள்.

அடுத்து 1988-இல் வந்த ‘சைலன்ஸ்’ நாவல். வரிசையாகப் படித்தவருக்கு மட்டும் கிடைக்கிற ஒரு வலி இதில் இருக்கிறது: கிரஹாமுக்கு அப்புறம் என்ன ஆனது என்று கிராஃபர்ட் போகிறபோக்கில் ஒரு வரி சொல்வார். முந்தைய நாவலைப் படிக்காதவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார், படித்தவர் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைப்பார். அதோடு, படம் பார்த்தவர்களுக்குத் தெரியாத சங்கதிகளும் உண்டு. நாவலின் லெக்டருக்கு இடது கையில் ஆறு விரல், கண் அடர்சிவப்பு நிறம். சிறையில் கம்பிக்குப் பின்னால் நைலான் வலை ஒன்று கட்டியிருக்கும், படத்தில்தான் அது கண்ணாடிச் சுவராக மாறியது. அந்த மாற்றம் அருமையான முடிவு என்பேன், இருவர் முகத்துக்கும் நடுவே கம்பி குறுக்கே வராததால்தான் அந்த நெருக்கமான காட்சிகள் சாத்தியமாயின.

நாவல் முடிந்த கையோடு படம். இயக்குநர் ஜோனதன் டெம்மியும் ஒளிப்பதிவாளர் டாக் ஃபுஜிமோட்டோவும் செய்த ஒரு காரியத்தைக் கவனித்துப் பாருங்கள்: கிளாரிஸிடம் பேசுகிற ஆண்கள் பெரும்பாலும் நேராகக் கேமராவைப் பார்த்தே பேசுவார்கள், அவள் பார்வை மட்டும் சற்று விலகியிருக்கும். ஒரு பயிற்சி மாணவியை ஊரே முறைத்துப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை வசனமே இல்லாமல் நம்மீது இறக்கிவிடுவார்கள். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை என்று ஆஸ்கரின் முக்கியமான ஐந்தையும் அள்ளிய மூன்றாவது படம் இது, அதற்கு முன்னால் 1934-லும் 1975-லும் வந்த படங்கள் மட்டுமே அதைச் செய்திருந்தன. இத்தனைக்கும் லெக்டராக நடித்த அந்தோணி ஹாப்கின்ஸ் திரையில் தெரிவது மொத்தமாக அரைமணி நேரம்கூட இருக்காது. ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: இதில் தேடப்படும் கொலைகாரன் சித்திரிக்கப்பட்ட விதம் திருநர்களைப் பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்குகிறது என்று படம் வந்த நாளிலிருந்தே எதிர்ப்பு உண்டு, 1992 ஆஸ்கர் விழாவுக்கு வெளியே போராட்டமும் நடந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. படத்தைப் பாருங்கள், அதையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

இங்கே பலரும் தடுமாறுகிற ஒரு இடம் உண்டு. ‘ரெட் டிராகன்’ இரண்டு தடவை படமாகியிருக்கிறது. 1986-இல் மைக்கேல் மான் எடுத்த ‘மேன்ஹண்டர்’ ஒன்று, 2002-இல் பிரெட் ராட்னர் எடுத்த ‘ரெட் டிராகன்’ இன்னொன்று. கதைப்படி ‘சைலன்ஸ்’க்கு முன்னால் நடப்பது என்பதால் 2002 படத்தை முதலில் பார்க்கச் சொல்பவர்கள் நிறைய. அந்தப் படத்தின் கடைசிக் காட்சியும் ‘சைலன்ஸ்’ தொடங்கும் இடத்துக்கு நேராகக் கொண்டுபோய் விடும், அதனால் ரொம்பப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அது ‘சைலன்ஸ்’ பார்த்துவிட்டு வருகிற ரசிகருக்காக எடுத்த படம். ஹாப்கின்ஸ் அதற்குள் உலகப் புகழ் பெற்றுவிட்டார், அதனால் நாவல்களில் சில வரிகளில் நினைவாக வந்து போகும் விஷயமெல்லாம் முழுக் காட்சியாக விரிகிறது: லெக்டர் சுதந்திரமாகத் திரிந்த நாட்கள், விருந்து, கிரஹாம் அவனைக் கண்டுபிடிக்கும் இரவு எல்லாம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வந்தால் ‘சைலன்ஸ்’இல் அந்த நடைபாதைக்கு என்ன மிச்சம் இருக்கும்? தவிர, இளைய லெக்டராக நடிக்கும்போது ஹாப்கின்ஸுக்கு வயது 64, ‘சைலன்ஸ்’ எடுத்தபோது இருந்ததைவிடப் பன்னிரண்டு வருடம் கூட. அடுத்தடுத்த நாளில் தலைகீழாகப் பார்த்தால் கண்ணை உறுத்தும்.

என் யோசனை, ‘சைலன்ஸ்’ முடித்ததும் ‘மேன்ஹண்டர்’. வில்லியம் பீட்டர்சன் கிரஹாமாக வருகிறார், லெக்டராக பிரையன் காக்ஸ், படத்தில் பெயரின் எழுத்துக்கூட்டுகூடக் கொஞ்சம் வேறு. காக்ஸின் லெக்டர் வெள்ளைவெளேரென்ற அறையில் உட்கார்ந்து, அலுத்துப்போன ஒரு பேராசிரியர் மாதிரி சாதாரணமாகப் பேசுவான். ஹாப்கின்ஸ் பாம்பு போலப் பார்த்தால், இவன் பக்கத்து வீட்டுக்காரர் போலப் பார்ப்பான், எது அதிக பயம் என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை. அவனைப் பார்த்துவிட்டு கிரஹாம் சரிவுப் பாதைகளில் இறங்கி ஓடிவரும் அந்த வெள்ளைக் கட்டிடம், அட்லாண்டாவில் இருக்கும் ஹை அருங்காட்சியகம். படம் வந்தபோது வசூலாகவில்லை, அதன் தயாரிப்பாளர் டினோ டி லாரென்டிஸ் மனம் வெறுத்து அடுத்த நாவலைப் படமாக்காமல் விட்டார், அப்படித்தான் ‘சைலன்ஸ்’ வேறு கைக்குப் போனது.

2002 படம் மோசமானது என்று நான் சொல்லவில்லை. எட்வர்ட் நார்டன், ரேஃப் ஃபைன்ஸ், எமிலி வாட்சன் என்று நல்ல நடிகர்கள், நாவலுக்கும் இதுதான் அதிக விசுவாசம். இரண்டு படத்துக்கும் ஒரே ஒளிப்பதிவாளர், டான்டே ஸ்பினோட்டி. ஒரே கதையை ஒரே மனிதர் 16 வருட இடைவெளியில் இரண்டு விதமாக ஒளியமைத்திருப்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது சினிமா பிடித்தவர்களுக்கு நல்ல விருந்து. ஆனால் முதல் சந்திப்புக்கான படம் அது இல்லை, ஐந்தாவதோ ஆறாவதோ வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்து 1999-இல் வந்த ‘ஹானிபல்’ நாவல், 2001-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த படம். லெக்டர் ஃபுளோரன்ஸ் நகரத்தில் ஒரு பண்டிதனாக வாழ்கிறான், பாட்சி என்ற போலீஸ் அதிகாரி பண ஆசையில் அவனை மோப்பம் பிடிக்கிறான். 1478-இல் ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி சகோதரர்களைக் கொல்ல நடந்த சதியில் சிக்கி, அரண்மனை ஜன்னலிலிருந்து தூக்கில் தொங்கவிடப்பட்ட பாட்சி குடும்பத்தின் வழிவந்தவன் அவன், அந்தச் சரித்திரத்தை ஹாரிஸ் கதைக்குள் கொண்டுவந்து முடிச்சுப்போட்டிருக்கும் விதம் அபாரம். ஃபுளோரன்ஸ் பகுதிக்காக மட்டுமே இதைப் படிக்கலாம். முடிவு நாவலில் ஒன்று, படத்தில் வேறொன்று. நாவலின் முடிவைப் படித்துவிட்டு ஹாரிஸ் மேல் கோபப்பட்டவர்கள் ஏராளம். டெம்மியும் ஜோடி ஃபாஸ்டரும் இந்தப் படத்துக்கு வரவில்லை, கிளாரிஸாக ஜூலியன் மூர் நடித்தார். நாவலைப் படித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள், தலைகீழாக வேண்டாம், நாவலின் அந்த அதிர்ச்சி முதல் தடவையாகத்தான் வர வேண்டும். வன்முறை இதில் மிக அதிகம், குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமை பற்றிய பேச்சும் நாவலில் வருகிறது, அது தாங்காதவர்கள் தாராளமாகத் தவிர்த்துவிடலாம், எதையும் இழக்கமாட்டீர்கள்.

இப்போது டிவி தொடர். பிரையன் ஃபுல்லர் உருவாக்கி 2013 முதல் 2015 வரை அமெரிக்காவின் என்பிசி சேனலில் வந்த ‘ஹானிபல்’, மூன்று சீசன், 39 அத்தியாயம். லெக்டராக மேட்ஸ் மிக்கெல்சன், கிரஹாமாக ஹியூ டான்சி, கிராஃபர்டாக லாரன்ஸ் ஃபிஷ்பர்ன். பிடிபடுவதற்கு முந்தைய காலத்தில் கதை நடப்பதால் இதையும் முதலில் பார்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். இந்தத் தொடர் முழுக்க ஒரே ஒரு அனுமானத்தில்தான் நிற்கிறது: மேஜையில் பரிமாறப்படுவது என்ன என்று பார்ப்பவருக்குத் தெரியும், சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. லெக்டர் யார் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதற்கு வெகு முன்னாலேயே, நமக்கு அது தெரியும் என்று நம்பித்தான் ஒவ்வொரு விருந்துக் காட்சியையும் எடுத்திருக்கிறார்கள். அதுமட்டுமில்லை, கர்நாடக சங்கீதத்தில் தெரிந்த கிருதியை எடுத்துக்கொண்டு வித்வான் நிரவல் பாடுகிற மாதிரி, நாவல்களில் இருக்கும் வரிகளையும் சம்பவங்களையும் இடம் மாற்றி, ஆள் மாற்றிப் பாடுகிறது இந்தத் தொடர். ‘ரெட் டிராகன்’ நாவலின் ஆண் நிருபர் இங்கே பெண், டாக்டர் ப்ளூமும் அப்படியே. கிருதி தெரிந்தால்தான் நிரவல் ருசிக்கும்.

தொடருக்குள்ளேயும் சில குறிப்புகள். முதல் சீசனின் முதல் பாதி வாரத்துக்கு ஒரு கொலை என்று வழக்கமான போலீஸ் தொடர் போலப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏழெட்டு அத்தியாயம் தாண்டியதும் அது கிரஹாமின் மனம் குலைவது பற்றிய கதையாகத் திரும்பிவிடும். நான்காவது அத்தியாயத்தை அமெரிக்காவில் அப்போது ஒளிபரப்பாமல் நிறுத்திவிட்டார்கள், இப்போது கிடைக்கும் தொகுப்பில் இருந்தால் அதன் இடத்திலேயே பார்த்துவிடுங்கள், தாண்டாதீர்கள். இரண்டாவது சீசன் ஒரு சமையலறைச் சண்டையோடு திடுதிப்பென்று தொடங்கும், எதையோ விட்டுவிட்டோமோ என்று பின்னால் போய்த் தேட வேண்டாம், சீசன் கடைசியில் அதே இடத்துக்கு வந்து சேர்வீர்கள். அந்தக் கடைசி அத்தியாயத்தை இரவில், போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றாவது சீசன் உண்மையில் இரண்டு தனித்தனிக் கதை: முதல் ஏழு அத்தியாயம் ஃபுளோரன்ஸும் அதன் பின்விளைவும், மீதி ஆறு ‘ரெட் டிராகன்’. நடுவில் கதைக்குள்ளேயே மூன்று வருடம் ஓடிவிடும், நீங்களும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு அத்தியாயமும் கனவு மாதிரி மெதுவாக நகரும், ஒருநாளைக்கு இரண்டுக்கு மேல் போனால் மனது மரத்துவிடும், அப்புறம் அழகும் தெரியாது, பயமும் தெரியாது.

2021-இல் ‘கிளாரிஸ்’ என்று ஒரு தொடர் வந்தது, ‘சைலன்ஸ்’ முடிந்து ஒரு வருடம் கழித்து நடப்பது, 13 அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. பாத்திரங்களின் உரிமை இரண்டு தரப்பிடம் பிரிந்து கிடப்பதால் ஃபுல்லரின் தொடரில் கிளாரிஸ் வர முடியவில்லை, இந்தத் தொடரில் லெக்டரின் பெயரைக்கூட உச்சரிக்க முடியவில்லை. கிளாரிஸ் மேல் தனிப் பிரியம் இருந்தால் மட்டும் பாருங்கள்.

கடைசியாக ‘ஹானிபல் ரைசிங்’, 2006-இல் நாவல், 2007-இல் படம், திரைக்கதையும் ஹாரிஸே எழுதியது. நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரையாவது வைத்து எடுப்போம் என்று டி லாரென்டிஸ் சொன்ன பிறகுதான் ஹாரிஸ் எழுத உட்கார்ந்தார், அந்த விருப்பமின்மை பக்கங்களில் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம். கஸ்பார் உல்லியேல் நன்றாகவே நடித்திருக்கிறார், போர்க்காலப் பகுதியும் மோசமில்லை. எல்லாம் முடித்த பிறகும் இவனைப் பற்றி இன்னும் தெரிய வேண்டும் என்று தோன்றினால் பாருங்கள், தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள். மிஷாவைப் பற்றித் தெரிய வேண்டிய அளவுக்கு ‘ஹானிபல்’ நாவலிலேயே சில பக்கங்களில் இருக்கிறது, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏற்கெனவே சிறுவயதுக் கதையைப் பார்த்துவிட்டவர்கள் என்ன செய்வது? உடனே ‘சைலன்ஸ்’ போடாதீர்கள். ஒரு வருடமாவது போகட்டும், அப்புறம் படம் இல்லாமல் ‘ரெட் டிராகன்’ நாவலில் ஆரம்பியுங்கள். அதில் லெக்டருக்கு முகம் இல்லை, கடந்தகாலம் இல்லை, அறைக்குள்ளிருந்து வரும் குரல் மட்டும்தான். தம்பிக்கும் இரண்டு வருடம் கழித்து அந்த நாவலைத்தான் கொடுத்தேன். கிரஹாம் சிறைக்குப் போகிற அத்தியாயத்தை முடித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். “அண்ணா, அந்தப் படத்துல பார்த்த பையன் இவன் இல்லவே இல்லண்ணா” என்றான், வெராண்டா லைட்டைப் போட்டுவிட்டு வந்துதான் பேசுவதாகவும் சொன்னான்.